இரண்டு சக்கரத்தில் பூப்பிரதக்ஷிணம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர்களுக்கு அவை வேடிக்கை. நடுவில் நின்று கொண்டு போகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும் சங்கடம். சைக்கிளில் ஏறுகிறவனுக்கோ ஒவ்வொரு வளைவும் ஒரு கேள்வி. "இன்னும் போகத்தான் வேண்டுமா?" என்பதே அந்தக் கேள்வி. ஐந்தாவது வளைவில் அது மெதுவாகக் கேட்கும். பன்னிரண்டாவது வளைவில் அதட்டியே கேட்கும்.

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கேள்விக்கு 20 தடவையும் பதில் சொல்லிவிட்டு, பழைய மாணவன் ஒருவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். நாம் ஏற்காட்டில் உபாத்தியாயர் உத்தியோகம் பார்ப்பவர். அதற்கு முன் சேலத்தில் இருந்தபோது நம்மிடம் பூகோளம் படித்த பிள்ளை அவன். பின்பு இன்ஜினீயரிங் தேறிப் பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அவனுடைய சைக்கிளின் பின் சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு பெரிய பைகள் தொங்கின.

"பையில் என்ன அப்பா?" என்றோம்.

"செங்கல், ஸார். எட்டு இருக்கிறது."

நாம் வீடு கட்டச் செங்கல் எதுவும் சொல்லியனுப்பவில்லையே என்று விழித்தோம். அவன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "உலகத்தைச் சுற்றப் போகிறேன், ஸார். சாமான் எல்லாம் சேர்ந்தால் இவ்வளவு கனம் வரும். பாரத்தோடு ஏற முடிகிறதா என்று பார்க்க வந்தேன். வேலையை விட்டாயிற்று."

இத்தகைய செய்தியைக் கேட்டால் உடனே ஆசீர்வதிப்பதா, அதட்டுவதா என்று தெரியாமல் விழிக்கும் உபாத்தியாயர்களுக்குக் கணக்கு ஒரு புகலிடம். நாமும் ஸ்லேட்டுப் பலகையை எடுத்துக் கொண்டோம். ஆள் 60 கிலோ, சைக்கிள் 15, செங்கல் 24. ஏறத்தாழ 100 கிலோ என்று வைத்துக் கொள்வோம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 4,000 அடி. இந்தப் பாரத்தை அந்த உயரத்துக்குத் தூக்க 290 கலோரி வேலை ஆகிறது. ஆனால் மனித உடம்பு, தின்ற உணவில் சுமார் நாலில் ஒரு பங்கைத்தான் மிதிக்கும் வேலையாக மாற்றும். மீதியெல்லாம் உஷ்ணமாகவே போய்விடும். ஆகவே 1,150 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். இட்லி ஒன்றுக்கு 50 கலோரி என்றால் 23 இட்லி.

"காலையில் எத்தனை சாப்பிட்டாய்?"

"ஆறு."

மீதி 17 இட்லிக்கும் அவன் உடம்பிலிருந்த கையிருப்பு ஈடு செய்திருக்கிறது! அன்று நம் வீட்டில் அந்தக் கடன் வட்டியுடன் தீர்க்கப்பட்டது என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தாய் தந்தையர் பஸ் ஏறி வந்து விட்டார்கள். தந்தையார் ஆபீஸ் உத்தியோகஸ்தர், அதிகம் பேசாதவர். ஆனால் அன்று பேசத் தயாராகவே வந்திருந்தார். பையனும் கூட இருந்தான்.

"வாத்தியார் ஸார், நீங்கள் சொன்னால் கேட்பான். ஒரே பிள்ளை. பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுற்றி வந்து பழம் வாங்கிக் கொள்ளவில்லையா? அதைக் காட்டிலும் பெரிய பிரதக்ஷிணம் உண்டா?"

"முருகன் மயில் ஏறிப் போனாரே அப்பா" என்றான் பையன்.

"போனார். போனவர் வீடு திரும்பினாரா? பழநி மலையில் போய் நின்று விட்டார்."

அதற்குப் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. அவருடைய அச்சம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அந்த அம்மாள் கீழே பார்த்துக் கொண்டிருந்தார்.

அவர்களை அழைத்துக் கொண்டு ஏரிக்கரை வரையில் நடந்தோம். வழியில் பம்பாய் வாலிபர்களின் கதையைச் சொன்னோம். பையனுக்கு ஊக்கம் தருவதற்காகச் சொன்னோமா, தந்தையாருக்கு ஆறுதலாகச் சொன்னோமா என்று கேட்டால், நமக்கே நிச்சயமில்லை. நேயர்களில் பலரும் அந்தக் கதையைக் கேட்டிராமலிருக்கலாம். உலகம் சுற்றிய தமிழர் என்றால் நமக்கு உடனே ஏ. கே. செட்டியார் ஞாபகம் வருவார். காந்தியடிகளின் வாழ்க்கைச் சித்திரத்துக்காகத் தேசம் தேசமாக அலைந்து, 1940-ல் படத்தை முடித்துத் தந்த மகானுபாவர் அவர். ஆனால் அவர் போனது கப்பலில். தன் காலால் மிதித்து உலகைச் சுற்றிய இந்தியர் என்று தேடினால் பம்பாய்க்குத்தான் போக வேண்டும்.

1923-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். ஆதி ஹக்கிம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா, குஸ்தாத் ஹாதிராம், கேகி போச்கானாவாலா, நரிமான் கபாடியா என்பன அவர்கள் பெயர்கள். எல்லாரும் பம்பாய்ப் பளு தூக்கும் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். முப்பது வயதைத் தாண்டாதவர்கள். ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரையில் கால்நடையாகவே வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் பிரசங்கத்தைக் கேட்டு அவர்களுக்கு இந்த எண்ணம் உண்டாயிற்றாம். பிரசங்கங்களால் பிரயோஜனம் இல்லை என்று சொல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் புறப்பட்ட அன்று காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தார். இந்தியன் என்றால் கூலியாக வருவான், சிப்பாயாக வருவான், அல்லது வெள்ளைத் துரையின் வேலைக்காரனாக வருவான் என்பதுதான் அந்நிய நாடுகளில் அந்நாளில் பலரும் அறிந்திருந்தது. யாருக்கும் வேலைக்காரனாக இல்லாமல், தன் விருப்பத்தினால், தன் கால் பலத்தினால் ஓர் இந்தியன் வந்து நின்றால் அது அவர்களுக்குப் புதிய காட்சி. உலகத்தைத் தாங்கள் பார்ப்பதும், இந்தியாவை உலகம் பார்க்கச் செய்வதும் என்று இரண்டு நோக்கங்களை அந்த வாலிபர்கள் வைத்துக் கொண்டிருந்தார்கள்.

பாரஸீகம் வழியாகப் பாக்தாத், அங்கிருந்து பாலைவனம். பாக்தாதுக்கும் ஸிரியாவிலுள்ள அலெப்போவுக்கும் நடுவே சுமார் 600 மைல் மணற்காடு. அதை 23 நாட்களில் கடந்தார்கள். மணலில் சைக்கிள் எப்படிப் போகும் என்று அந்த அம்மாள் கேட்டார். நல்ல கேள்வி. பல இடங்களில் போகாதுதான். இறங்கித் தள்ள வேண்டும். ஆற்று மணலில் இருபது கஜம் தள்ளிப் பார்த்தவர்களுக்கு 600 மைல் என்பதன் அர்த்தம் புரியும். அதிலும் தண்ணீர் கையோடு கொண்டு போவதுதான். புழுதிக் காற்று அடித்தால் செயினில் மணல் ஏறி அரைக்கும், ஃப்ரீவீல் இறுகும், உஷ்ணத்தில் பஞ்சர் ஒட்டிய இடம் மறுபடி பெயரும். இதையெல்லாம் வழியில் எந்தக் கடைக்காரரிடமும் கொடுத்து ஓவராயில் செய்து கொள்ள முடியாது. அவர்களே கடை, அவர்களே கடைக்காரர்.

பிறகு இத்தாலி, ஆல்ப்ஸ் மலை, ஸ்விட்ஸர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து. கடலைத் தாண்டி அமெரிக்கா. மறுபடியும் கடலைத் தாண்டி ஜப்பான், கொரியா, சீனா, இந்தோசீனா, ஸயாம், பர்மா. 1928-ஆம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி பம்பாய் திரும்பினார்கள். அப்போது தேசமெங்கும் ஸைமன் கமிஷனுக்குக் கறுப்புக் கொடி காட்டிக் கொண்டிருந்தார்கள். நாலு வருஷமும் ஐந்து மாதமும் ஆகியிருந்தன. 44,000 மைல். அவர்கள் எழுதிய பிரயாணப் புத்தகம் 1931-ல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் ஜவாஹர்லால் நேரு.

நமக்குக் கணக்கு மோகம் உண்டென்பது முன்பே தெரிந்த விஷயம். 1,616 நாட்களில் 44,000 மைல் என்றால் ஒரு நாளைக்கு 27 மைல் ஆகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிவந்து, திரும்பிப் பாதி வழி இறங்கினால் ஏறக்குறைய அந்த தூரம் வரும். ஒரு நாளைக்கென்றால் பெரிதல்ல. மழையிலும் காய்ச்சலிலும் படுத்த நாட்கள், கப்பலில் கழிந்த நாட்கள், அநுமதிச் சீட்டுக்காக ஆபீஸ் வாசலில் காத்திருந்த நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த சராசரி அது என்பதை நினைத்தால்தான் மிதித்த நாட்களின் கடுமை தெரியும்.

"திரும்பினார்கள் என்றீர்களே, ஆறு பேருமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

உபாத்தியாயர் தொழிலில் சில கேள்விகளுக்காகப் பயந்து கொண்டே பாடம் நடத்துவதுண்டு. இது அப்படிப்பட்ட கேள்வி. உள்ளதைச் சொன்னோம். மூன்று பேர்தான் சுற்றி முடித்தவர்கள்: ஹக்கிம், பாபாசோலா, பும்கரா. நரிமான் கபாடியா சுமார் 3,000 மைல் மிதித்து டெஹ்ரான் வரையில் போய், சொந்தக் காரணங்களால் வீடு திரும்பினார். குஸ்தாத் ஹாதிராமுக்கு அமெரிக்கா பிடித்துப் போயிற்று. அங்கேயே தங்கி விட்டார். கேகி போச்கானாவாலா மனம் தளர்ந்து அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பினார்.

தந்தையார், "பார்த்தாயா?" என்பது போலப் பையனைப் பார்த்தார். பையன் ஏரியில் மிதந்த படகைப் பார்த்தான். அந்த அம்மாள் மட்டும், "டெஹ்ரான்லேருந்து அவர் எப்படி வந்தார்?" என்று கேட்டார்.

இந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் பிறந்தது புதுக்கோட்டை ஜில்லா. 1990-களின் ஆரம்பத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்ததும், ஜில்லா கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்ததும் நேயர்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக் கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே, குறுக்குக் கம்பியின் மேல் குழந்தையை உட்கார்த்தி வைத்துக் கொண்டு போனார்கள். ஊரார் கேலி செய்ததும் உண்டு. அந்தக் கேலிக்கு நடுவே 17 வயதில் சைக்கிள் கற்றவர் இந்த அம்மாள். சேலத்தில் இப்போதும் கடைத்தெருவுக்குச் சைக்கிளில்தான் போகிறார். பிள்ளைக்கு முதன் முதல் பின்னால் பிடித்துக் கொண்டு ஓடிக் கற்றுக் கொடுத்ததும் அவரே. ஆகையினால் குற்றம் யாருடையது என்பதில் அந்த வீட்டில் ஓரளவு அபிப்பிராய பேதம் இருந்தது.

பம்பாயார் ஆறு பேரோடு கதை நிற்கவில்லை. அவர்கள் கிளம்பிய சில மாதங்களுக்குள், 1924 ஜனவரியில், பிராம்ரோஸ் தாவர் என்ற இன்னொரு பார்ஸி தன்னந்தனியே புறப்பட்டார். வியன்னாவில் குஸ்தாவ் என்னும் ஆஸ்திரியர் ஒருவர் அவரோடு சேர்ந்து கொண்டார். இருவருமாக ஸஹாரா பாலைவனத்தையும் ஆண்டிஸ் மலையையும் அமேஸான் காட்டையும் கடந்து 1931 வரையில் சுற்றினார்கள். பிறகு 1933-ல் புறப்பட்ட கேகி காராஸ், ருஸ்தம் காந்தி, ரத்தன் ஷ்ராஃப் என்ற மூவர் 1942-ல்தான் யாத்திரையை முடித்தார்கள். புறப்பட்டபோது சமாதானமாயிருந்த உலகம் திரும்பியபோது யுத்தத்தில் எரிந்து கொண்டிருந்தது. வங்காளத்து ராமநாத விசுவாஸ் 1931-ஆம் வருஷம் ஜூலை 7-ந் தேதி சிங்கப்பூரிலிருந்து கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 37. நாற்பதைத் தாண்டிய நமக்கு இந்த விவரத்தில் தனியான சிரத்தை உண்டு.

வெள்ளைக்காரர்களிலே முதல்வர் தாமஸ் ஸ்டீவன்ஸ். முன் சக்கரம் ஆள் மார்பு உயரம் இருக்கும் பழைய சைக்கிளில் 1884-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து கிளம்பி 1886 டிசம்பரில் யோக்கோஹாமாவில் முடித்தவர். ஆப்கானிஸ்தானத்தில் அவரை விடாமல் திருப்பியனுப்பவே, கப்பலேறி இந்தியாவுக்கு வந்து லாகூரிலிருந்து கல்கத்தா வரையில் நம் பெருவழிச் சாலையில் மிதித்தார். அவர் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யத்தின் நிழல் இருந்தது. பம்பாயாருக்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஓர் அடிமைத் தேசத்தின் பாஸ்போர்ட்டு.

இன்று பாஸ்போர்ட்டு நம்முடையது. ஆனால் வழி? 1923-ல் பம்பாயிலிருந்து பாரஸீக எல்லை வரையில் ஒரே ஆட்சியாயிருந்தது. 1947-ல் நடுவே ஒரு எல்லைக்கோடு விழுந்தது. அந்தக் கோட்டைச் சைக்கிளில் தாண்டுவது மணற்காட்டைத் தாண்டுவதைவிடக் கடினம். கிழக்கே பர்மா வழியோ, 2021-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பறித்த பிறகு பெரும் ஆபத்தாகி விட்டது. ஆகையால் நம் பையன் பம்பாய் வரையில் சுமார் 750 மைல் மிதித்துவிட்டு, அங்கிருந்து ஓமான் தேசத்துக்கு விமானத்தில் தாவுவதென்று தீர்மானித்திருந்தான். மோட்டார் வண்டியைக் கொண்டு போனால் அதற்கென்று சுங்கச் சீட்டு, ஜாமீன் பணம் என்று எத்தனையோ கட்ட வேண்டும். சைக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. உலகத்து ஸர்க்கார்கள் எல்லாம் சைக்கிளை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அது சைக்கிளுக்குக் கிடைத்த பாக்கியம்.

அன்று மாலை, பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில், தந்தையார் நம்மைத் தனியே நிறுத்தினார். "உங்கள் பிள்ளையாக இருந்தால் அனுப்புவீர்களா?" என்றார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. 22-வது வயதில் நாமும் நம் நண்பர் ஒருவரும் சுவரில் உலகப் படத்தை ஒட்டிச் சிவப்பு மசியால் கோடு போட்டதுண்டு. புறப்பட இரண்டு மாதம் இருக்கையில் உத்தியோக உத்தரவு வந்தது. வீட்டில் கடன் இருந்தது. சைக்கிளை 600 ரூபாய்க்கு விற்று விட்டு வேலையில் சேர்ந்தோம். அதற்காக வருத்தப்பட்டோம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உலகப் படத்தைக் காட்டும் போதெல்லாம் விரல் பாக்தாதில் ஒரு கணம் நின்றுதான் நகருகிறது. அந்த விரலைப் பார்த்துத்தான் இந்தப் பையன் கெட்டுப் போனானோ? நம் பழைய ஆசையை அவன் கேரியரில் ஏற்றி அனுப்புகிறோமோ? இந்தச் சந்தேகத்தை அப்படியே அவரிடம் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். "நீங்கள் வேண்டாமென்று சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லி பஸ்ஸில் ஏறிக் கொண்டார்.

புறப்படும் தேதியைப் பையனே குறித்தான்: அக்டோபர் 15. இடமும் அவனே குறித்தது, ஏற்காடு. "எல்லாரும் அடிவாரத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் இறக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஸார். முதல் 20 வளைவுக்கும் மிதிக்க வேண்டாம்!" என்றான்.

மிதிக்க வேண்டாம், பிடிக்க வேண்டுமே! பாரத்தை உயரத்துக்குத் தூக்கிய சக்தியில் பெரும் பங்கு இறக்கத்தில் பிரேக்குக் கட்டைக்குத்தான் வந்து சேரும். இடைவிடாமல் பிடித்துக் கொண்டே இறங்கினால் சக்கரத்தின் விளிம்பு காய்ந்து, உள்ளே டியூப் வெடித்துவிடும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் மாறி மாறிப் பிடிக்க வேண்டும். நாலு வளைவுக்கு ஒரு தடவை நின்று விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவனுக்குச் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுக் கொண்டான். தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் சொல்லும்போது பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவனுக்கு அயல் நாட்டில் அவ்வளவாக ஆபத்து வராது என்று நமக்கு ஒரு தைரியம் உண்டாயிற்று.

சேர்வராயன் மலையின் செம்மண்ணில் பாக்ஸைட்டு உண்டு. ஒரு காலத்தில் அதை வெட்டி மேட்டூருக்கு அனுப்பி அலுமினியம் எடுத்தார்கள். பையனுடைய சைக்கிளின் சக்கர விளிம்பும் அலுமினியம்தான். அது நம் மலையின் மண்ணாக இருக்க வேண்டுமென்று அவன் ஆசைப்பட்டான். இருக்காது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அன்று காலை மலை முழுவதும் மூடுபனி. முதல் நாள் பெய்த மழையில் சில்வர் ஓக் மரங்களிலும் அவற்றின்மேல் படர்ந்த மிளகுக் கொடிகளிலும் நீர் சொட்டிக் கொண்டிருந்தது. காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மலையாளிப் பெண்கள் இருவர், இவன் பைகளைப் பார்த்து, "எந்தச் சந்தைக்கு?" என்று விசாரித்தார்கள். "ரொம்ப தூரம்" என்றான். நாமும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக் கொண்டு உடன் இறங்கினோம். இருபதிலிருந்து எண்ணிக்கை குறைந்து கொண்டே வந்தது. நாலு தடவை நின்று விளிம்பைத் தொட்டுப் பார்த்தோம். பனி விலகி, கீழே சேலம் பட்டணம் வெயிலில் தெரிந்தது.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தின் கீழ் அந்த அம்மாள் தம்முடைய சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வீட்டிலிருந்து அத்தனை தூரமும் மிதித்தே வந்திருந்தார். தந்தையார் வழக்கம்போல் ஆபீஸுக்குப் போய் விட்டாராம். பருப்புப் பொடி டப்பா ஒன்றைப் பைக்குள் வைத்தார். கேரியரில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்து, "இப்படியா கட்டுவாங்க?" என்று அவிழ்த்து, தாமே மறுபடி கட்டினார். பையன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மணியை இரண்டு தரம் அடித்தான். போய்விட்டான்.

சாலையின் கோடி வரையில் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு அந்த அம்மாள் நம்மிடம் திரும்பினார்.

"ஸார், டெஹ்ரான்லேருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தாரே, அவர் பேர் என்ன சொன்னீங்க?"

"நரிமான் கபாடியா" என்றோம்.

அந்த அம்மாள் அதை ஒரு தரம் தமக்குள் சொல்லிப் பார்த்துக் கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளினார்.